சேர்வராயன் மலையும் சவாரிக் குதிரையும்

சேலம் நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலுள்ள சமவெளியிலிருந்து திடீரென்று எழுந்து, உச்சியில் 1,600 மீட்டரைக் கடந்து நிற்கும் சேர்வராயன் மலைத்தொடர், தமிழகத்து மலைகளுள் காபியாலும் ஆரஞ்சாலும் அறியப்படுவதே தவிர, குதிரையோடு சேர்த்துப் பேசப்படுவதில்லை. ஆயினும் ஏற்காடு, வெள்ளக்கடை, நாகலூர் முதலிய ஊர்களுக்கு மோட்டார் வண்டி செல்லும் சாலை அமைவதற்கு முன்பு, ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம், இம்மலைக்கு வந்து குடியேறிய வெளியார் பலரின் போக்குவரத்து மட்டக்குதிரையின் முதுகையும் மனிதத் தோள்களையுமே நம்பி இருந்தது. அதே காலத்தில், அன்றைய சேலம் மாவட்டத்தின் வடமேற்கு மூலையில் இருந்த ஓசூரில், சென்னை மாகாணப் படைக்குக் குதிரை பழக்கி அனுப்பும் பெரிய நிலையமும் இயங்கியது. இவ்விரண்டையும் இணைத்துப் பார்க்கும்போது, குதிரையை வெளியிலிருந்து கொண்டுவந்து, அதற்கு நடை கற்பித்து, நோயிலிருந்து காத்து வைத்திருப்பது என்ற பழைய பாடு, இன்று ஐரோப்பியக் களங்களில் சவாரி செய்யும் இந்திய வீரர்களின் வாழ்க்கை வரை தொடர்வதைக் காணலாம்.

மலையின் பழங்குடிகளான மலையாளிகள் காலால் நடப்பவர்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்கள் என்றும், அவர்களுள் மூத்தவர் வழியினரே சேர்வராயன் மலையில் தங்கினர் என்றும் அவர்களிடையே வழங்கும் மரபுக்கதை கூறுகிறது. மலை மூன்று நாடுகளாக, அதாவது சேல நாடு, மோக நாடு, முட்ட நாடு எனப் பிரிந்து, ஒவ்வொன்றும் தன் பட்டக்காரரின் கீழ் இயங்கியது. ஒற்றையடிப் பாதைகளே இவ்வூர்களை இணைத்தன. தலைச்சுமையும் தோள்சுமையும் போதுமாயிருந்த இச்சமூகத்துக்கு, கொள்ளும் புல்லும் ஓயாது கேட்கும் ஒரு விலங்கை லாயத்தில் கட்டி வளர்க்க வேண்டிய தேவை எழவில்லை. பொங்கலை ஒட்டி இவர்கள் நடத்திய எருதாட்டத்தை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியான தம் நூலில் குறித்திருக்கிறார். இம்மலையில் விலங்கோடு மனிதன் ஆடிய ஆட்டம் எருதைச் சார்ந்தது, குதிரையைச் சார்ந்தது அன்று.

சமவெளியில் நிலைமை வேறு. அரசு நடத்தியவர்களுக்குக் குதிரை இன்றியமையாததாகவும், அதே அளவுக்குக் கிடைத்தற்கரியதாகவும் இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, சுந்தர பாண்டியன் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கினான் என்றும், ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் எழுதினார். பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமையே காரணம் என்பது அவர் கருத்து. குதிரைகளைக் கொண்டுவந்த ஹோர்முஸ், கீஷ், ஏடன் வணிகர்கள் இலாடம் கட்டத் தெரிந்தவர்கள் இங்கு வந்துவிடாதபடி பார்த்துக்கொண்டார்கள் என்றும் அவர் சேர்க்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் ஒரு குதிரையின் விலையை 220 பொன் தினார் என்று குறிக்கிறார். குதிரை ஏன் மடிந்தது என்பதற்குப் போலோ தரும் விளக்கத்தை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஈரமும் வெப்பமும் மிகுந்த கடற்கரைத் தட்பவெப்பம், பழக்கமில்லாத தீவனம், பூச்சிகள் பரப்பும் நோய் ஆகிய யாவும் சேர்ந்தே வறண்ட நாட்டுக் குதிரையை வீழ்த்தியிருக்கும். வாங்குபவனின் அறியாமையை விற்பவனின் வாயிலாகக் கேட்டு எழுதிய பயணி, சரக்கின் குறையைப் பற்றி அதிகம் கேட்டிருக்க மாட்டார்.

பழக்கும் அறிவு இந்நாட்டில் இல்லை என்று சொல்வதற்கும் இடமில்லை. மதுரைக்காஞ்சி, குதிரை வட்டமாகச் சுற்றும் ஓட்டத்தை மண்டிலம் என்றும் நேராகப் பாயும் ஓட்டத்தை ஆதி என்றும் பிரித்துக் காட்டுகிறது. பிற்கால உரைகள் ஐந்து கதிகளையும் பதினெட்டுச் சாரிகளையும், அதாவது அடிப்படை நடைகளையும் அவற்றிலிருந்து பிரியும் சுழற்சி அசைவுகளையும், வகுத்துச் சொல்கின்றன. நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரம் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் பேணப்பட்டு அச்சிலும் வந்தது. திருவரங்கத்துத் திருவிழாக்களில் குதிரை வாகனத்தில் எழுந்தருளும் நம்பெருமாள் வையாளி கண்டருள்வது, அதாவது வாகனம் தாங்குவோர் முன்னும் பின்னும் ஓடியும் வளைந்து திரும்பியும் சவாரியின் போக்கை அப்படியே நிகழ்த்திக் காட்டுவது, செண்டுவெளி எனும் குதிரைத் திடலில் அரசர்கள் குதிரையை நடத்திய முறையின் சடங்கு வடிவம் எனலாம். அந்த நடைகளைக் கண்ணால் கண்டு பழகிய மக்கள் இருந்தாலொழிய அப்படியொரு சடங்கு உருவாகியிராது.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து பாரமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தன; அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளருள் ஒருவரான தாமஸ் மன்றோவும் குதிரை மீதும் கூடாரங்களிலும் இருந்தபடியே மாவட்டத்தை அளந்து வரி விதித்தனர். மலை அப்போது அவர்களுடைய கணக்கில் சிறிய இடத்தையே பெற்றது. 1820 முதல் 1829 வரை சேலத்தில் கலெக்டராயிருந்த எம். டி. காக்பர்ன் காபிச் செடியையும் பேரிக்காய் முதலிய பழமரங்களையும் மலைக்குக் கொண்டுவந்தபோதுதான் மேலே வீடு கட்டித் தங்கும் வழக்கம் தொடங்கியது. அடிவாரக் காய்ச்சலைப் பற்றிய அச்சமும் நீலகிரி திறந்துவிடப்பட்டதும் சேர்ந்து, அரசாங்கத்தின் கவனத்தை உதகமண்டலத்தின் பக்கம் இழுத்துச் சென்றன. அங்கே வேட்டைச் சங்கமும் பந்தயத் திடலும் வளர்ந்தன. ஏற்காடோ தோட்டக்காரர்களும் பாதிரிமார்களும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் வாழும் சிறிய குடியிருப்பாகவே நின்றது. ஆகவே இங்கு குதிரை கௌரவத்துக்கு உரியதாகவோ பந்தயத்துக்கு உரியதாகவோ ஆகாமல், வேலைக்கு உரியதாகவே இருந்தது.

அந்த வேலை எளிதானதன்று. சேலம் பக்கத்து அடிவாரத்திலிருந்து மேலே செல்லும் பழைய கணவாய்ப் பாதை, ஒரு குதிரையும் அதற்கு எதிரே வரும் ஓர் ஆளும் ஒதுங்கிச் செல்லும் அளவே அகலமுடையதாய், சில மைல் தூரத்துக்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்தது. 1862இல் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைப் பேப்பூர் வரை இருப்புப்பாதை முடிந்து சேலத்துக்கு இரயில் வந்த பின்னும், வண்டி அடிவாரத்தோடு நின்றது. அங்கிருந்து ஆண்கள் மட்டக்குதிரை ஏறினர், பெண்களும் நோயாளிகளும் குழந்தைகளும் ஆட்கள் தூக்கிய நாற்காலிகளில் சென்றனர், தட்டுமுட்டுச் சாமான்கள் தலைச்சுமையாய்ப் போயின. குதிரை ஏறி வரும் ஐரோப்பியப் பெண்கள் இரு கால்களையும் ஒரே பக்கமாக வைத்து உட்காரும் பக்கவாட்டுச் சேணத்தையே பயன்படுத்த வேண்டியிருந்தது. செங்குத்தான பாதையில் அது எவ்வளவு இடர் தருவது என்பதைச் சவாரி அறிந்தவர் எளிதில் உணர்வர்.

மலைப்பாதையில் குதிரை நடத்துவது சமவெளிச் சவாரியிலிருந்து வேறுபட்ட திறன். ஏற்றத்தில் சேணம் பின்னோக்கி வழுகும். அதைத் தடுக்க மார்பைச் சுற்றி ஒரு வார் கட்டுவர். இறக்கத்தில் அதுவே முன்னோக்கிச் சரிந்து தோளை அழுத்தும் என்பதால், வாலின் அடியில் மாட்டிச் சேணத்தோடு இணைக்கும் இன்னொரு வார் தேவைப்பட்டது. ஏறும்போது சவாரி செய்பவர் உடலை முன்சாய்த்துக் கடிவாளத்தைத் தளர்த்தி, குதிரை தன் கழுத்தை நீட்டிச் சமநிலை தேடிக்கொள்ள இடம் தர வேண்டும். இறங்கும்போது பலர் சேணத்திலிருந்து இறங்கி நடந்தே வந்தனர். மழைக்காலத்தில் செம்மண் குழைந்து குளம்பின் குழியில் அடைவதால், வீடு சேர்ந்ததும் நான்கு குளம்பையும் குத்தியெடுத்துத் துடைக்காவிட்டால் அழுகல் நோய் தொடங்கிவிடும். கற்பாதை இலாடத்தை விரைவில் தேய்த்தது. ஓர் ஆணி தளர்ந்தாலும் விலங்கு நொண்டும், நொண்டினால் மலைமேலிருந்து சேலத்துக்கு மருத்துவர் தேடி வர வேண்டும்.

இவற்றையெல்லாம் செய்தவர் சவாரி செய்த துரை அல்லர். ஒரு குதிரைக்குக் குதிரைக்காரர் ஒருவரும் புல்லறுப்பவர் ஒருவரும் வேண்டும் என்பது அக்கால வழக்கம். குதிரைக்காரர் தேய்த்துக் குளிப்பாட்டி, கொள்ளு வேகவைத்து ஊட்டி, துரை சவாரி போகும்போது பின்னாலேயே கால்நடையாக ஓடி, அவர் இறங்கும் இடத்தில் கடிவாளத்தைப் பிடித்து நின்றார். புல்லறுப்பவர் விடியுமுன் சென்று அன்றைக்குரிய புல் கட்டைத் தலையில் சுமந்து வந்தார். மேலே ஏறிய குதிரைக்குப் பின்னால் அதே ஏற்றத்தைத் தம் காலால் ஓடி ஏறிய மனிதரைப் பற்றி, குளிர்ந்த காற்றையும் காபிப்பூ மணத்தையும் விரிவாக எழுதிய பயணக் குறிப்புகள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. சவாரியின் வரலாறு சேணத்தில் அமர்ந்தவரின் வரலாறாகவே எழுதப்பட்டதால் நேர்ந்த குறை இது.

குடும்பம், ஓயாத பயணம், மலைவீடு ஆகியவற்றுக்கிடையே பங்குபோட்ட ஒரு வாழ்க்கையை ஏற்காட்டில் காண வேண்டுமானால் இராபர்ட் புரூஸ் ஃபூட்டை நோக்கலாம். 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்த இவர், 1863ஆம் ஆண்டு மே மாதம் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியொன்றைக் கண்டெடுத்து இந்தியத் தொல்பழங்கால ஆய்வைத் தொடங்கிவைத்தவர். சக ஊழியர் வில்லியம் கிங்குடன் சேர்ந்து திருச்சிராப்பள்ளி, சேலம், தென்னார்க்காடு மாவட்டப் பகுதிகளின் நிலவியலை எழுதியவரும் இவரே. அக்கால நிலவியலாளர் ஆண்டின் பெரும்பகுதியைக் கூடாரத்திலேயே கழித்து, இரயில் எட்டாத இடங்களைக் குதிரையாலும் மாட்டுவண்டியாலும் நடையாலும் கடந்து, கோடை தொடங்கியதும் அறிக்கை எழுத ஊர் திரும்பினார். ஃபூட்டின் மாமனார் பீட்டர் பெர்சிவல், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கியவர், தினவர்த்தமானி இதழை நடத்தியவர். அவர் தம் இறுதிக் காலத்தை ஏற்காட்டில் கழித்து 1882இல் அங்கேயே மறைந்தார். 1884இல் கர்னூல் குகை அகழ்வின்போது ஃபூட்டுக்குத் துணைநின்றவர் படை அதிகாரியாயிருந்த அவருடைய மகன். 1891இல் ஓய்வுபெற்ற ஃபூட் ஏற்காட்டில் ஐவி காட்டேஜ் என்ற வீட்டில் தங்கி, அதன் பின்னரும் பரோடா, மைசூர் அரசுகளுக்காக அலைந்தார். 1912இல் கல்கத்தாவில் இறந்த அவருக்கு ஏற்காட்டுத் தூய திரித்துவ ஆலயத்தில் நினைவுக்கல் உள்ளது.

மலையில் குதிரை ஆளைச் சுமந்தது என்றால், ஓசூரில் அது பள்ளிக்கூடம் சென்றது. 1799இல் திப்பு வீழ்ந்த பின் கும்பினியின் கைக்கு வந்து சேலம் மாவட்டத்தோடு இணைக்கப்பட்ட ஓசூர்ப் பகுதி, மிதமான குளிரும் வடிகால் நன்றாயமைந்த செம்மண்ணும் கேழ்வரகுத் தட்டையும் கொண்டது. பெரும் படைவீடான பெங்களூரோ ஒரு நாள் நடைத் தொலைவில் இருந்தது. ஓசூரை அடுத்த மத்திகிரியில் 1824இல் தொடங்கியதாகக் கூறப்படும் ரிமவுண்ட் டிப்போ, அதாவது இறந்தும் கிழடாகியும் போன படைக்குதிரைகளுக்கு மாற்றாகப் புதியவற்றைச் சேர்த்துப் பழக்கி வழங்கும் நிலையம், 1,600 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் விரிந்தது. தொடக்கத்தில் அரபு, பாரசீகக் குதிரைகளும், 1830களுக்குப் பின் ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸிலிருந்து கப்பலேறி வந்தமையால் வேலர் என்று பெயர்பெற்ற உயரமான குதிரைகளும் சென்னை மாகாணப் படைக்கு வந்தன. பாண்டியன் ஹோர்முஸ் வணிகரை நம்பியிருந்தான்; கும்பினியும் சிட்னி வணிகரை நம்பியிருந்தது. ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின்னும் தென்னிந்தியாவின் படைக்குதிரை கடல்வழியே வந்துகொண்டிருந்தது.

கப்பலில் பல வாரம் நின்றே வந்த விலங்கை உடனே சேணத்துக்குக் கீழ் கொண்டுவர முடியாது. முதலில் மேயவிட்டுப் புதிய நீருக்கும் தீவனத்துக்கும் பழக்கினர். அடுத்து, பயிற்றுநர் நடுவில் நின்று நீண்ட கயிற்றின் முனையில் குதிரையை வட்டமாகச் சுற்றவைத்தார். இரு பக்கமும் மாறிமாறிச் சுற்றும்போதுதான் அதன் எந்தப் பக்கம் விறைத்திருக்கிறது என்பது தெரியும், குரலுக்கு நிற்கவும் நடக்கவும் அது கற்றுக்கொள்ளும். பின்னர் அதன்மேல் வெறுஞ்சேணம் வைத்தனர், அதன் பின்னரே ஆள் ஏறினார். நான்கு கால்களும் ஒவ்வொன்றாய் ஊன்றும் நடை, குறுக்கு மூலைக் கால்கள் இரண்டிரண்டாய் ஊன்றும் துள்ளுநடை, மூன்று தாளத்தில் அமையும் மெல்லோட்டம் ஆகியவற்றுக்குள் தயக்கமின்றி மாறவும், எட்டு வடிவத்தில் திரும்பவும், பக்கவாட்டில் ஒதுங்கவும் பயின்ற குதிரையே வரிசைக்கு அனுப்பப்பட்டது. ஒரு கையில் வாள் ஏந்திய வீரன் மறுகையின் மெல்லிய அசைவாலும் தொடையின் அழுத்தத்தாலும் குதிரையைத் திருப்பியாக வேண்டும் என்பதால், இப்பயிற்சி அழகுக்காக ஏற்பட்டதன்று, உயிர் பிழைப்பதற்காக ஏற்பட்டது.

பெயர் பிரெஞ்சிலிருந்து வந்த டிரெஸ்ஸேஜ் எனும் போட்டிக்கலைக்கு மூலம் இதுவே. கிறித்துவுக்கு முந்தைய 4ஆம் நூற்றாண்டுக் கிரேக்கர் செனஃபோன் வன்முறையின்றிக் குதிரை பழக்கும் வழியை எழுதியதிலிருந்து ஐரோப்பியப் படைப்பள்ளிகள் வளர்த்த பயிற்சி, 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் தனிப் போட்டியாயிற்று. 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட களத்தில், முன்பே வகுத்த அசைவுகளைச் சவாரி செய்பவர் குதிரையைக்கொண்டு நிகழ்த்த, நடுவர்கள் ஒவ்வோர் அசைவுக்கும் பத்துக்குள் மதிப்பெண் இட்டு முடிவை விழுக்காட்டில் அறிவிக்கின்றனர். நின்ற இடத்தைவிட்டு நகராமல் துள்ளுநடை போடும் பியாஃப் போன்றவை இதன் உயர்நிலை அசைவுகள். 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் வரை இது பெரும்பாலும் படை அதிகாரிகளின் களமாகவே இருந்தது. அவ்வாண்டு முதன்முறையாகப் பெண்கள் அனுமதிக்கப்பட, இளம்பிள்ளை வாதத்தால் முழங்காலுக்குக் கீழ் செயலிழந்திருந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டல் வெள்ளிப் பதக்கம் வென்றார்.

டிரெஸ்ஸேஜுக்கு ஒப்பான காட்சியைச் சேலத்துக்கு மேற்கே, ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் ஆடி மாதந்தோறும் காணலாம். குருநாதசுவாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் கால்நடைச் சந்தைக்கு நாட்டுக் குதிரைகளும் கத்தியவார், மார்வார் இனக் குதிரைகளும் வருகின்றன; மேளத்துக்கு ஏற்ப முன்னங்காலைத் தூக்கி மாறிமாறி மிதிக்கும் நாட்டியக் குதிரைகள் அங்கே கூட்டத்தைக் கட்டிப்போடுகின்றன. இரண்டிலும் விலங்கு செய்வது ஏறத்தாழ ஒன்றே. ஆனால் நாட்டியக் குதிரையின் முன்கால் உயர்வை மக்கள் வியக்கிறார்கள். டிரெஸ்ஸேஜ் நடுவரோ பின்கால்கள் உடலின் பாரத்தைத் தாங்குகின்றனவா, முதுகு இறுகாமல் இருக்கிறதா என்பதையே தேடுகிறார். உள்ளூர்க் கலையை வெறும் வேடிக்கை என்று ஒதுக்குவது முறையன்று. அதைக் கற்பிக்கும் பரம்பரைக் குதிரைக்காரர்களின் அறிவு எழுதப்படாமலே இருக்கிறது.

20ஆம் நூற்றாண்டில் மலைப்பாதை இருபது கொண்டையூசி வளைவுகள் கொண்ட சாலையாக விரிந்து, காபி மூட்டை லாரியில் இறங்கத் தொடங்கியதும் ஏற்காட்டு லாயங்கள் வெறுமையாயின. மத்திகிரி நிலையம் 1924 அளவில் சிவில் கால்நடைத் துறைக்கு மாற்றப்பட்டுக் கால்நடைப் பண்ணையாயிற்று. குதிரையேற்றம் விடுதலைக்குப் பின்னும் பெரும்பாலும் படையினரின் விளையாட்டாகவே தொடர்ந்து, 1982ஆம் ஆண்டு தில்லி ஆசிய விளையாட்டில் ரகுபீர் சிங் உள்ளிட்டோரால் தங்கம் பெற்றுத் தந்தது. 1986இல் சியோலில் டிரெஸ்ஸேஜ் அணி வெண்கலம் வென்றது.

அதன் பின் டிரெஸ்ஸேஜ் பதக்கமின்றிக் கழிந்த நீண்ட இடைவெளி 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் முடிந்தது. அனுஷ் அகர்வாலா, ஹிருதய் சேடா, திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா ஆகியோர் அடங்கிய அணி 209.205 புள்ளிகளோடு டிரெஸ்ஸேஜ் தங்கத்தை வென்றது. அகர்வாலா தனிப்பிரிவில் வெண்கலமும் பெற்று, 2024இல் பாரிசில் இப்பிரிவில் ஒலிம்பிக் களம் கண்ட முதல் இந்தியரானார். நால்வரும் படையைச் சேராதவர்கள். நால்வரும் ஐரோப்பாவில் தங்கிப் பயின்றவர்கள். கொல்கத்தாவைச் சேர்ந்த அகர்வாலா பதினேழு வயதில் ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்தார். ஓசூருக்கு அண்டையிலுள்ள பெங்களூரின் ஃபவாத் மிர்சா, 2018இல் ஜகார்த்தாவில் இரு வெள்ளி வென்று டோக்கியோ ஒலிம்பிக்குக்குச் சென்றவர், அவரும் ஜெர்மனியிலேயே பயின்றார். குதிரைக்கு விடுமுறை நாள் கிடையாது. தினமும் சேணம் ஏற வேண்டும், தம் உடலும் தளராதிருக்கச் சவாரி வீரர்கள் ஓட்டப் பயிற்சியும் செய்ய வேண்டும், இடையே நாடுவிட்டு நாடு போட்டிக்குச் செல்ல வேண்டும். குடும்பம் இந்தியாவிலும் லாயம் ஐரோப்பாவிலுமாக வாழும் இளைஞர்களுக்கு இவ்வாழ்க்கை எளிதாயிருக்க முடியாது.

இந்தியாவிலேயே பழக்கிய குதிரையை ஏன் கொண்டுசெல்லவில்லை என்று கேட்டால், நிதிக்கும் பயிற்றுநருக்கும் அப்பால், நோய்த்தடுப்பு விதிகள் குறுக்கே நின்றன. தொற்றுநோயான கிளாண்டர்ஸ், ஈக்கள் பரப்பும் சர்ரா முதலியவை இல்லையென்று சான்று பெறாத இடத்திலிருந்து குதிரை ஐரோப்பாவுக்குள் நுழைய இயலாது. 2025ஆம் ஆண்டு ஜூலையில், மீரட் படைவீட்டிலுள்ள ரிமவுண்ட் கால்நடை மருத்துவப் படைப்பிரிவின் மையம், நோயற்ற தனி வளாகமாக உலக விலங்கு நல அமைப்பின் ஏற்பைப் பெற்றது. அதன் வழியே இந்தியக் குதிரைகள் வெளிநாட்டுப் போட்டிகளுக்குச் செல்ல வாய்ப்பு உண்டாகியிருக்கிறது. மத்திகிரியில் செய்த அதே ரிமவுண்ட் பணியின் இன்றைய வாரிசு அந்நிறுவனம். ஆயினும் மீரட்டிலிருந்து தென்னிந்தியா வெகு தொலைவில் உள்ளது. ஓசூர்ப் பீடபூமியின் குளிரும் புல்லும் இன்னும் இருந்தாலும், அங்கே இப்போது வளர்வது பெரும்பாலும் மாடுகளும் ஆடுகளும்தாம்.